களைநாசினியும் கமக்காரர் உரிமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தோட்டஞ் செய்யும் ஒருவர் நோயுற்றால், அவர் போய்ச் சேர வைத்தியசாலை உண்டு. அந்நோய், தாம் ஆண்டாண்டாக அடித்துவந்த களைநாசினியால் வந்ததோ என்ற ஐயம் அவருக்கு எழுமானால், அதனை எடுத்துரைக்க நீதிமன்றமும் உண்டு. முதலாவது வாயிலை நம் மக்கள் நன்கறிவர். இரண்டாவது வாயில் தமக்கும் திறந்தே இருக்கின்றது என்பதை அவர்களுட் பலர் அறியார். அறிந்து செல்பவரும், கையிற் சான்றின்றிச் சென்றால், வெறுங்கையுடன் திரும்புவதையன்றி வேறு வழியிராது.

இந்நிலை மாற வேண்டும் என்பதே நம் கருத்து. ஊருக்குச் சோறும் கறியும் தருகின்ற மனிதனின் உடலுக்கு இந்நாட்டுச் சட்டத்திலே ஒரு மதிப்பு உண்டா, இல்லையா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கின்றது. இக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பு கமக்காரருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவருக்கும் சட்டத்தரணிகளுக்கும், நம் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றிருப்போருக்கும் அது உரியதாகும்.

நம் மண்ணும் நீரும்

குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் நீர் காண்பது. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடாகக் கீழிறங்கித் தேங்கி நிற்பதே நாம் குடிக்கவும் இறைக்கவும் உள்ள நீராகும். உரும்பிராய், கோண்டாவில், இணுவில், கோப்பாய், புத்தூர், அச்சுவேலி முதலான ஊர்களிலே தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் ஒரே நிலத்தடி நீரையே ஊற்றாகக் கொண்டிருக்கின்றன. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் மாறி மாறி விளையும் இச்செம்மண், ஓய்வு என்பதை அறியாத மண். 1970 இன் பின்னர் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலே நம் கமக்காரர் செழித்தனர். அச்செழிப்போடு உரமும் மருந்தும் தோட்டத்திற்குள் ஆழக் காலூன்றின. கிணற்று நீரிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980 களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். மண்ணின் மேல் இட்டது கிணற்றின் அடியைச் சென்றடையும் என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

களைநாசினியை நாடும் கமக்காரரை நாம் குறை கூறவில்லை. கோரையும் அறுகும் பிடுங்க ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வெங்காயம் விற்ற காசு கூலிக்கே போய்விடுகின்றது. போர்க்காலத்திற் பரவிய பார்த்தீனியமோ வேலியோரமெங்கும் மண்டிக் கிடக்கின்றது. ஆகவே தெளிகருவியை முதுகில் மாட்டிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலுடன், வாயைத் துவாயினால் மூடியும் மூடாமலும் மருந்தடிக்கின்றனர். வேலை முடிந்ததும் அதே கிணற்றடியிற் கருவியையும் கழுவி மேலையும் கழுவுகின்றனர். வெற்றுப் போத்தல் வேலிக்குள் விழுகின்றது. அந்தப் போத்தலோடு ஒரு வழக்கின் முதற் சான்றும் வீசப்படுகின்றது என்பதை எவரும் எண்ணுவதில்லை.

ஐயமும் அறிவியலும்

களைநாசினி அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. பரகுவாட் என்பது சிறிதளவு உள்ளே போனாலும் நுரையீரலை அழிப்பது; மாற்று மருந்து அற்றது. இலங்கை அதனை 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கியது. அதனைப் பல்லாண்டு தெளித்தோரிடையே பார்க்கின்சன் எனும் நடுக்கநோய் மிகுந்து காணப்படுவதாகப் பிறநாட்டு ஆய்வுகள் சில கூறுகின்றன. கிளைபோசேற்றின் நிலை வேறு. உலக சுகாதாரத் தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015 மார்ச்சில் அதனை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைக்கக்கூடிய பொருள்களின் வகுப்பிற் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையும் இதற்கு மாறான முடிவையே வெளியிட்டன. மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளில் 1990 களில் வெளிப்பட்ட சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேற்றும் கடின நீரும் பார உலோகங்களும் கூடியே காரணம் என 2014 இல் இலங்கை ஆய்வாளர் சிலர் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். அதுவும் அறிஞரிடையே முடிந்த முடிபாகவில்லை.

அறிவியல் இவ்வாறு பிளவுண்டு நிற்பதால் நோயாளி வாய்மூடி இருக்க வேண்டும் என்பது பொருளாகாது. இரு தரப்புச் சான்றுகளையும் கேட்டு முடிவு கூறுவதற்கே நீதிமன்றம் இருக்கின்றது. அதே வேளையில், புற்றுநோய் வந்தோர் எல்லாரும் மருந்தினாலேயே நோயுற்றனர் என்று மேடைகளில் முழங்குவதும் தவறு. அம்முழக்கம் உண்மையாகப் பாதிக்கப்பட்டவரின் வழக்கையே வலுவிழக்கச் செய்யும்.

தடையும் தடை நீக்கமும்

கொழும்பு அரசாங்கங்கள் இவ்விடயத்தில் நடந்துகொண்ட விதத்தையும் நோக்குவோம். 2015 இல் கிளைபோசேற் இறக்குமதி தடுக்கப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு வழங்கப்பட்டது. 2021 இல் இரசாயன உரமும் விவசாய இரசாயனங்களும் ஒருசேர நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு நவம்பரிலே கிளைபோசேற்றுக்கு வழிவிட்ட வர்த்தமானி அறிவித்தல் வந்த சூட்டோடு மீளப்பெறப்பட்டது. 2022 ஆகஸ்டில் இறக்குமதித் தடை நீங்கியது. ஏழாண்டுக்குள் இத்தனை திருப்பங்கள்!

பெருந்தோட்ட முதலாளிகளின் குரல் 2018 இல் கேட்டது. வெங்காயத் தோட்டத்தின் குரலை யார் கேட்டார்? தடைக்காலத்திலே மருந்து மறைந்துவிடவில்லை. கள்ளச் சந்தையில், பெயரில்லாப் போத்தலில், இரட்டிப்பு விலையில் உலாவியது. அதனை வாங்கி அடித்தவர் பின்னாளில் நோயுற்றால் எந்தக் கம்பெனியின் மேல் வழக்காடுவார்? எந்தக் கடைச் சிட்டையைக் காட்டுவார்? தடை விதித்த வர்த்தமானியிலும் தடை நீக்கிய வர்த்தமானியிலும் இறக்குமதியைப் பற்றிய விதிகள் இருந்தன. ஏற்கெனவே மருந்தைச் சுவாசித்த மனிதனைப் பற்றிய ஒரு வரியும் இருக்கவில்லை.

சிறுநீரக நோயாளருக்கு அரசாங்கம் மாதாந்த உதவிப்பணம் கொடுப்பதை எடுத்துக்காட்டுவோர் உளர். அது நல்ல காரியமே. எனினும் உதவிப்பணம் வேறு, நட்டஈடு வேறு. உதவிப்பணம் ஆள்வோரின் இரக்கத்தில் தங்கியிருப்பது. இன்று தரப்பட்டு நாளை நிறுத்தப்படலாம். நட்டஈடோ தீங்கு செய்தவரிடமிருந்து தீங்குற்றவர் உரிமையோடு பெறுவது. உரிமையைச் சலுகையாக ஏற்றுத் தலைகுனியும் வழக்கத்தை நம்மினம் அரசியலில் வெறுத்து ஒதுக்கியது. உடல்நலத்திலும் அவ்வாறே ஒதுக்க வேண்டும்.

கடல் கடந்த செய்திகள்

அமெரிக்காவில் களைநாசினி வழக்குகளிற் கோடி கோடியாக நட்டஈடு கிடைத்தது என்ற செய்தி நம் ஊர்ச் சந்திகளிலும் பேசப்படுகின்றது. அதன் முழுமையையும் அறிதல் நன்று. கலிபோர்ணியாவில் பள்ளிக்கூட வளவுகளைப் பராமரித்த டுவெய்ன் ஜோன்சன் என்பவர், கிளைபோசேற் அடங்கிய களைநாசினியைத் தெளித்தமையால் தமக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்ததென மொன்சாண்டோ நிறுவனத்தின் மேல் வழக்காடினார். 2018 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ யூரர் சபை 28 கோடியே 90 இலட்சம் டொலர் வழங்கத் தீர்த்தது. மேன்முறையீட்டின் பின் 2020 இல் அத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலராகக் குறைந்தது. மொன்சாண்டோவை 2018 இல் வாங்கிய ஜெர்மன் நிறுவனமான பேயர், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2020 இல் பல்லாயிரம் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள ஆயிரம் கோடி டொலருக்கு மேல் ஒதுக்க இணங்கியது.

இத்தொகைகளைக் கேட்டு நம்மவர் மயங்க வேண்டியதில்லை. இலங்கையில் இத்தகைய வழக்குகளுக்கு யூரர் சபை கிடையாது. எதிராளியைத் தண்டிக்கும் நோக்குடன் பெருந்தொகை விதிப்பதும் நமது உரோமன் டச்சுச் சட்ட மரபன்று. நாம் கற்க வேண்டிய பாடம் வேறொன்று. எந்த மருந்தை, எவ்வளவு காலம், எவ்வாறு அடித்தார் என்பதை அப்பணியாளரால் நீதிமன்றில் நிறுவ முடிந்தது. கம்பெனியின் உள்வீட்டுக் கடிதங்களும் சபையின் முன் வந்தன. பணத்தைப் பெற்றுத் தந்தவை அந்தக் கடதாசிகளே.

அண்மையில் உள்ள கேரளமும் இதையே கூறுகின்றது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் என்னும் பூச்சிநாசினி 2000 ஆம் ஆண்டு வரை வானிலிருந்து தூவப்பட்டது. அது களைநாசினியன்று, எனினும் அதனால் வந்த துன்பம் நமக்கும் படிப்பினையாகும். அங்கே மருத்துவ முகாம்கள் நடத்திப் பாதிக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியல் வகுக்கப்பட்டது. 2011 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடுத்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு 5 இலட்சம் இந்திய ரூபாய் வழங்க உத்தரவிட்டது. பட்டியல் இல்லாதிருந்தால் அப்பணம் யார் கைக்குப் போயிருக்கும்?

நம் வீட்டு முற்றத்து வழக்கு

பிறநாட்டுக் கதை போகட்டும். சுன்னாகத்தில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அங்குள்ள அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து, சுற்றுவட்டாரக் கிணறுகள் குடிக்கத் தகாதனவாயின. மக்கள் வீதியில் இறங்கினர். விடயம் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திற்கும் சென்றது. நிபுணர் அறிக்கைகள் ஒன்றோடொன்று மோதின. 2015 இல் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறு கிணறாக நீரெடுத்துச் செய்த பரிசோதனைகள் அம்மனுவிலே பெரும் பங்கு வகித்தன. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியின்படி, நொதேர்ண் பவர் கம்பெனி சுன்னாகப் பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்குமாறு கட்டளையிடப்பட்டது. முதலீட்டுச் சபையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் தங்கள் கடமையிற் தவறியதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது; நீரின் மேல் மிதந்தது; மணத்தது. களைநாசினி அவ்வாறு காட்சி தருவதில்லை. எண்ணெய்க்கு ஒரே மூலம் இருந்தது. களைநாசினிக்கோ ஆயிரம் தோட்டங்கள், பத்துக் கடைகள், பல கம்பெனிகள். ஆகையால் சுன்னாகத்தில் வேண்டியிருந்ததினும் பன்மடங்கு சான்று இங்கே வேண்டியிருக்கும். எனினும் அத்தீர்ப்பு ஒன்றை நிலைநாட்டிவிட்டது: குடாநாட்டு மக்களின் கிணற்றுக்காக இந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஒரு கம்பெனியைப் பொறுப்பாளியாக்கும், கண்மூடியிருந்த அரச நிறுவனங்களையும் விட்டுவைக்காது. அம்மனுவைக் கொண்டுசென்றவர் தெற்கிலிருந்து வந்தவர். அவருக்கு நாம் நன்றி பாராட்டுகின்றோம். அடுத்த மனுவை யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் கொண்டுசெல்வார்களாயின் மேலும் மகிழ்வோம்.

சட்டம் திறக்கும் வழிகள்

நோயுற்ற கமக்காரருக்கு இன்றைய சட்டத்தில் உள்ள வழிகள் எவை?

முதலாவது, தீங்கியற் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றில் நட்டஈட்டு வழக்கு. மருந்தைச் செய்தவரோ, இறக்கியவரோ, விற்றவரோ தவறிழைத்தார் என்பதையும், அத்தவறே இந்நோய்க்குக் காரணம் என்பதையும், அதனால் இன்ன இழப்பு நேர்ந்தது என்பதையும் வழக்காளியே நிறுவ வேண்டும். ஒரே தன்மையான உரிமையுடைய பலர் இருப்பின், நீதிமன்ற அனுமதியோடு ஒருவர் எல்லோர்க்குமாக வழக்காடக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16 ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஒரு ஊரார் சேர்ந்து செலவைப் பகிர்வதற்கு இப்பிரிவு பெரிதும் உதவும்.

இரண்டாவது, அரச நிறுவனம் தன் கடமையை மறந்தவிடத்து அடிப்படை உரிமை மனு. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாத மருந்தை இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றமாகும். லேபல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதும் பீடைநாசினிகள் பதிவாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இவற்றை நடைமுறைப்படுத்தாது விட்டால் அதனைக் கேள்விக்குட்படுத்தலாம். ஆயின் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றது.

மூன்றாவது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். ஒரு தொழில்கொள்வோரின்கீழ் வேலை செய்வோருக்கே அது பயன்படும். சொந்தத் தோட்டஞ் செய்பவர் எவருக்கும் வேலையாள் அல்லர். இன்று ஒருவர் காணியிலும் நாளை இன்னொருவர் காணியிலும் நாட்கூலிக்கு மருந்தடிப்பவரோ, தாம் யாருடைய வேலையாள் என்று நிறுவுவதற்குள் களைத்துவிடுவார். மருந்தோடு மிகுதியாகப் பழகுபவர் இந்தக் காணியற்ற கூலித் தொழிலாளியே. அவருக்கே சட்டத்தின் நிழல் மிகக் குறைவாக விழுகின்றது. இந்த அநீதியைத் தோட்டச் சொந்தக்காரரும் மறைக்கலாகாது.

நான்காவது, வழக்கன்று, வழக்குக்கு வேண்டிய கருவி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எந்த மருந்து எப்போது பதிவு பெற்றது, எந்த நிபந்தனையோடு பெற்றது என்று பதிவாளர் அலுவலகத்தை எவரும் எழுதிக் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க அலுவலகம் கடமைப்பட்டது.

பத்தாண்டும் இரண்டாண்டும்

இவ்வழிகளுக்கெல்லாம் குறுக்கே ஒரு மதில் நிற்கின்றது. வழக்குத் தொடுக்கக் கால எல்லை வகுக்கும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தீங்கு பற்றிய நட்டஈட்டு வழக்கை, வழக்கிற்கான காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்கின்றது. வண்டி மோதிக் கால் முறிந்தவனுக்கு இரண்டு ஆண்டு போதும். புற்றுநோயோ, மருந்தடித்த கை ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் தோன்றக்கூடியது. வழக்கிற்கான காரணம் தோன்றியது எப்போது? மருந்து உடலில் பட்ட நாளா, நோய் முளைவிட்ட நாளா, வைத்தியர் அதற்குப் பெயர் சொன்ன நாளா? எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலிலே கிளப்பும் ஆட்சேபம் இதுவாகவே இருக்கும். நோய் பத்தாண்டுக் கணக்கில் நடக்கின்றது. சட்டம் இரண்டாண்டுக் கணக்கில் நடக்கின்றது. மாட்டுவண்டிக் காலத்திலே எழுதப்பட்ட சட்டத்தைக் கொண்டு இரசாயன யுகத்தின் நோயை அளக்க முயல்வது நீதியாகாது.

நோயையும் அதன் காரணத்தையும் பாதிக்கப்பட்டவர் அறிந்த, அல்லது நியாயமாக அறிந்திருக்கக்கூடிய, நாளிலிருந்தே காலம் கணிக்கப்பட வேண்டும் என்று இச்சட்டம் திருத்தப்படல் வேண்டும். இது தமிழருக்கு மட்டும் வேண்டிய திருத்தமன்று. பதவியாவிலுள்ள சிங்களக் கமக்காரருக்கும் புத்தளத்து முஸ்லிம் கமக்காரருக்கும் வேண்டியது. வடக்கின் பிரதிநிதிகள் இதனைப் பாராளுமன்றில் எழுப்பினால், எதிர்ப்பதற்குத் தென்னிலங்கைப் பிரதிநிதிகளுக்குக் காரணம் இராது. எழுப்புவார்களா என்று நாம் கேட்கின்றோம்.

வரப்பிலே தொடங்கும் வழக்கு

சட்டம் திருந்தும் வரை கைகட்டி இருக்கலாகாது. அமெரிக்காவும் காசர்கோடும் சுன்னாகமும் நமக்கு ஒரே செய்தியையே கூறுகின்றன: எழுதி வைக்கப்பட்டதே நீதிமன்றில் பேசும். ஆகவே ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும். எந்த நாள், எந்த மருந்து, எவ்வளவு, எந்தப் பயிருக்கு, அடித்தவர் யார், அன்று உடலில் பட்டதா, தலைச்சுற்றோ வாந்தியோ வந்ததா என்று நான்கு வரி எழுதினால் போதும். கடைச் சிட்டையைக் கேட்டு வாங்கி அக்கொப்பிக்குள் வைக்க வேண்டும். சிட்டை தராத கடையில் மருந்து வாங்கலாகாது. லேபலைக் கழற்றி ஒட்டி வைக்கலாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை வீட்டிலிருந்தால் எழுத்துவேலையை அப்பிள்ளையே செய்யும். வரவு செலவு எழுதும் பழக்கம் நம் கமக்காரருக்குப் புதிதன்று; உடலின் வரவு செலவையும் அதே கொப்பியில் எழுதச் சொல்கின்றோம்.

லேபலைப் பற்றி ஒரு சொல். அது தமிழிலும் அச்சிடப்பட வேண்டியது. எச்சரிக்கை கண்ணுக்கெட்டாச் சிற்றெழுத்தில் கிடந்தாலும், தமிழ் பிழைபட்டுப் பொருள் மாறினாலும், அது எச்சரிக்கையே அன்று. 1956 தொட்டு மொழியுரிமைக்காகத் துன்பமேற்ற மக்கள் நாம். உயிரைக் காக்கும் வாசகம் நம் மொழியில் தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் அவ்வுரிமையின் ஒரு கூறே. அவ்வாறில்லாத போத்தலைக் கண்டால் படமெடுத்துப் பதிவாளருக்கு அனுப்புங்கள். அனுப்பிய கடிதத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவப் பெருமக்களை வேண்டுவது சிறிய காரியம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கும் தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்கும் வரும் நோயாளியிடம், என்ன தொழில், என்ன மருந்து அடித்தீர், எத்தனை ஆண்டு என்று கேட்டு, விடையை நோய் நிர்ணய அட்டையில் இரண்டு வரியாக எழுதுங்கள். காரணம் இதுதான் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு வரி, பல ஆண்டு கழிந்து ஒரு குடும்பத்திற்குச் சோறு போடக்கூடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடமும் விவசாய பீடமும் சட்டத்துறையும் உள்ளன. மூன்றும் ஒன்றுகூடிக் குடாநாட்டுக் கமக்காரரின் நோய்ப் பதிவேடொன்றைத் தொடங்குமாயின், அது எந்தப் பட்டமளிப்பு விழாவினும் பெருமை தரும்.

சட்டத்தரணிகளுக்கும் ஒரு சொல். தமிழர் அரசியலின் பெருந்தலைவர் பலர் கறுப்பு அங்கி அணிந்தவரே. அந்த மரபுக்கு உரியோர் மாதம் ஒரு நாளையாவது ஊர்க் கமநல சேவை நிலையங்களுக்கு ஒதுக்கி, இலவச ஆலோசனை வழங்க முன்வரல் வேண்டும். வருமானம் குன்றியோருக்கு வழக்காட 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. யாழ்ப்பாணத்தில் அதற்கு அலுவலகமும் உண்டு. நோயின் பெயர் தெரியவந்த நாளிலேயே, அட்டையையும் கொப்பியையும் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். சத்திரசிகிச்சை முடியட்டும், அறுவடை முடியட்டும், பிள்ளையின் கலியாணம் முடியட்டும் என்று நாட்களைக் கடத்தாதீர்கள். இரண்டு ஆண்டு கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். கம்பெனியோ கடைக்காரரோ சிறுதொகை தந்து கையொப்பம் கேட்டால், சட்டத்தரணியிடம் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள். வெற்றி கிடைத்தேவிடும் என்று வாக்குத் தந்து முன்பணம் கேட்கும் தரகரையும் நம்பாதீர்கள்.

களைநாசினியை நாளையே ஒழித்துவிட வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. ஒரே இரவில் விதித்த தடை கமக்காரரை எவ்வாறு நிலைகுலையச் செய்தது என்பதை 2021 இல் கண்டோம். நஞ்சை விற்று இலாபம் பெறுவோர் அதன் விளைவுக்கும் பொறுப்பாளிகளாக வேண்டும். விற்க அனுமதித்தோர் அவ்வனுமதிக்கு விடை கூறக் கடமைப்பட வேண்டும். கேட்பதற்கு ஆளில்லை என்ற துணிவே அலட்சியத்தின் வேர். ஒரு வழக்காவது நேராக, உறுதியான சான்றுகளோடு, யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றில் தமிழிலே பதியப்படட்டும். அது தோற்றாலும், அடுத்த போத்தலின் லேபல் சற்றுத் தெளிவாக அச்சிடப்படும், அடுத்த கடையில் சிட்டை கேளாமலே கிடைக்கும்.

போகம் தொடங்கப் போகின்றது. விதைக்கும் வெங்காயத்தோடு ஒரு கொப்பியையும் வாங்குங்கள், கமக்காரப் பெருமக்களே. முதற் பக்கத்தில் இன்றைய திகதியை எழுதுங்கள்.